வந்தியின் பங்குக் கரை

அரசன் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஞானத்தின் பின்னால் போன அமைச்சரை நாம் மாணிக்கவாசகர் என்று கும்பிடுகிறோம். கும்பிடுவதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கணக்கை யார் தீர்த்தார்கள் என்பதே என் கேள்வி.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 58 முதல் 61 வரையிலான படலங்கள் இந்தக் கதையைச் சொல்கின்றன. மேலூருக்குப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்தவர், அரிமர்த்தன பாண்டியனிடம் 'தென்னவன் பிரமராயன்' என்று பட்டம் பெற்றவர். குதிரை வாங்கக் கருவூலப் பொருளோடு கிளம்பிய அவர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். பணம் கோயிலுக்கும் அடியாருக்கும் போனது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. இரவில் மறுபடி நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. அரசன் அமைச்சரை வையையின் சுடுமணலில் நிறுத்தினான். ஆறு பெருகியது. ஊரார் ஆளுக்கொரு பங்கு கரையை அடைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது.

இங்கேதான் வந்தி வருகிறாள். பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி. தனக்கென்று ஒருவரும் இல்லாதவள். அவள் குதிரை கேட்கவில்லை, உபதேசமும் கேட்கவில்லை. ஆனால் ஆள்பலம் உள்ள வீட்டுக்கும் அவளுக்கும் ஒரே சட்டம். எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டால் அது நியாயமாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பழைய பாடம் நம்மிடம் குறைவு. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி இறைவனே கூலியாளாக வர வேண்டியிருந்தது. அவன் முதுகில் விழுந்த பிரம்படி அரசன், அரசியர் தொடங்கி எல்லா உயிர்மீதும் விழுந்தது. வேலையைத்தான் பங்கு போட்டார்கள்; வலியையும் பங்கு போட்டுக் காட்டினார் பரஞ்சோதி. அந்த இடத்தில் புலவர் கிழவியின் பக்கம் நிற்கிறார்.

ஆனாலும் கடைசியில் யாருக்கு என்ன கிடைத்தது? அமைச்சருக்கு உபதேசம், அதிலிருந்து திருவாசகம். வந்திக்குச் சிவலோகம்; அவளுடைய பாட்டென்று ஒன்றுமில்லை. 36ஆம் படலத்துப் பொன்னனையாளையும் சேர்த்துப் பாருங்கள். மதுரையிலிருந்து மானாமதுரைப் பக்கம் போகிற வழியில் இருக்கும் திருப்பூவணத்துக்காரி. இறைவனுக்குத் திருமேனி வார்க்கப் பொன் வேண்டினாள். சித்தர் வந்தார், அவள் வீட்டுப் பாத்திரங்களைப் பொன்னாக்கும் வழி செய்தார், மறைந்தார். பொன் அவளுக்குக் கிடைத்தது, வித்தை கிடைக்கவில்லை. பெண்ணுக்கு அருள், ஆணுக்கு அறிவு என்று புராணம் பந்தி பிரித்துப் பரிமாறுகிறது.

அறிவுப்பசியை நான் பழிக்கவில்லை. முனைவர் பட்டத்துக்குப் படித்த ஆண்டுகளில் எங்கள் வீட்டு அடுப்பை என் அம்மாதான் பார்த்துக்கொண்டாள். ஆக, எனக்கும் ஒரு வந்தி உண்டு. மேல்படிப்புக்கு வெளியூர் போக ஆசைப்படும் மாணவியிடம் இன்றும் 'வீட்டை யார் பார்ப்பது?' என்றுதான் கேட்கிறார்கள். வாதவூரரிடம் அரசன் பணத்தை மட்டும்தான் கேட்டான்.

ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத்தோப்புக்கு சுவாமி மண் சுமக்க வருகிறார். அடுத்த முறை அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது கூடையைப் பார்த்த கண்ணால் பிட்டு அவித்த கையையும் தேடுங்கள். கரை அவள் பேரில்தான் அடைபட்டது.