வாக்கி-டாக்கிக்கு உரிமம் எதற்கு?

அமெரிக்கக் கடைகளில் வாக்கி-டாக்கி ஜோடி ஜோடியாகப் பிளாஸ்டிக் உறையில் தொங்கும். 2017-க்கு முன் விற்ற பல கருவிகளில் 22 சேனல்கள் இருந்தன. 8 முதல் 14 வரை யாரும் பேசலாம். 15-ஐத் தொட்டால், கட்டணம் கட்டி ஜி.எம்.ஆர்.எஸ். (பொது நடமாடும் வானொலிச் சேவை) உரிமம் எடுத்திருக்க வேண்டும். இது எழுதியிருந்த இடம் கையேட்டின் பொடி எழுத்து. பொத்தானோ 14-இலிருந்து 15-க்கு ஒரே அழுத்தில் தாவும். கூடாரம் போடப் போன குடும்பம் தனக்கே தெரியாமல் சட்டத்தை மீறியது. வாங்கியவரைக் குறை சொல்லி என்ன பயன்?

அமெரிக்காவில் வானொலி அலைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையத்துக்கு இது முன்பே பட்ட பாடம்தான். 1970-களில் லாரி ஓட்டுநர்களிடம் சி.பி. (பொதுமக்கள் அலைவரிசை) ரேடியோ பரவியபோது உரிமத்தை மதித்தவர் குறைவு. 1983-இல் அந்த நிபந்தனையே போயிற்று. 2017 திருத்தம் இன்னும் புத்திசாலித்தனமானது. 22 சேனல்களும் உரிமமின்றித் திறந்தன. ஆனால் திறன் 2 வாட்டைத் தாண்டக் கூடாது (8–14 சேனல்களில் அரை வாட்), ஆன்டெனாவைக் கழற்ற முடியக் கூடாது. கட்டுப்பாடு ஆளிடமிருந்து கருவிக்கு மாறியது. தயாரிப்பவரைப் பிடிப்பது எளிது, லட்சக்கணக்கான குடும்பங்களைப் பிடிக்க முடியாது.

மிச்சமிருக்கும் ஜி.எம்.ஆர்.எஸ். உரிமம் 50 வாட் வரை பேசவும், குரலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் வைக்கவும் விரும்புவோருக்கு. 2022 ஏப்ரல் முதல் 35 டாலர், பத்து ஆண்டு செல்லும், குடும்பம் முழுதும் பயன்படுத்தலாம். பேச்சின் முடிவில் அழைப்புக்குறி சொல்ல வேண்டும், நீண்டால் கால் மணிக்கொரு முறையும். யார் பேசுகிறார் என்று தெரிவதால் இடைஞ்சல் செய்பவரைத் தேடிப் பிடிக்கலாம். அது நியாயமே.

குறை வேறிடத்தில். தேர்வு கிடையாது, ஆகவே உரிமம் வைத்திருப்பவருக்கு ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாமலிருக்கலாம். தனிச் சேனலும் கிடைக்காது. அவர் பேசும் அதே சேனலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உரிமமின்றி விளையாடுவார்கள். (கருவியிலுள்ள 'பிரைவசி கோடு' பிறர் குரலை நம் காதுக்கு மறைக்குமே தவிர, நம் குரலைப் பிறரிடமிருந்து மறைக்காது.) 50 வாட்டுக்கு உரிமம் கேட்பது சரி, ஒன்றும் கற்பிக்காமல் காசு மட்டும் வாங்குவது அரைகுறை ஏற்பாடு.

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் ஒரு ஜோடி வாங்கி வரச் சொல்லும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். இந்தியாவில் 2018 விதிகள் உரிம விலக்கு தருவது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்கக் கருவிகள் பேசுவது 462, 467-இல்.