ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் நாணயம்

அச்சில் வந்துவிட்டால் அது மெய்யாகவே இருக்கும் என்று நம்புகிறவர்கள் நம்மவரில் இன்னும் மிகுதி. எழுதினவர் பெயருக்கு முன் 'டாக்டர்' என்றிருந்தாலோ உடனே கைகூப்பி விடுகிறோம். காவியைக் கண்டு ஏமாறும் மூடநம்பிக்கைக்கும், பட்டத்தைக் கண்டு வாய்பொத்தி நிற்கும் இந்த வழக்கத்திற்கும் பேதம் என்ன என்று கேட்கிறோம்.

ஆராய்ச்சிப் பத்திரிகை என்பது யாது? ஒருவர் தாம் கண்டதை எழுதி அனுப்புகிறார். பத்திராதிபர் அதனை அத்துறையில் தேர்ந்த இருவர் மூவரிடம் கொடுத்துக் குற்றங்குறை பார்க்கச் செய்து, அதன் பின்னரே அச்சிட வேண்டும். செந்தூலில் ரயில்வே பட்டறை நடந்த காலத்தில் அங்கே உழைத்த தமிழர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பழுது பார்த்த வண்டியைச் சோதித்தே தண்டவாளத்தில் விட வேண்டும். சோதிப்பவன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டால் சாகிறவன் அவனல்லன், வண்டியில் ஏறுகிறவனே.

இத்தகைய கையெழுத்து வாணிகம் நடப்பதை 2013இல் ஜான் பொஹானன் என்பவர் வெளிப்படுத்தினார். புற்றுநோய் மருந்தொன்றைப் பற்றி, துறையறிந்தோர் படித்த மாத்திரத்தில் தள்ளத்தக்க பிழைகளோடு ஒரு பொய்க் கட்டுரையை வேண்டுமென்றே எழுதி, இல்லாத ஆட்களின் பெயரால் 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் அதை ஏற்றுக்கொண்டன! அனுப்பப்பெற்றவற்றுள் இந்தியாவிலிருந்து நடந்தவை பல என்பது நமக்கு வெட்கமே.

காசு வாங்குவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. எழுதினவரிடம் கட்டணம் பெற்று, படிப்பவர்க்கு இலவசமாய் வழங்கும் யோக்கியமான பத்திரிகைகளும் உண்டு. ஏழை வாசகனுக்கு அவை உபகாரமே. சோதிப்பதாகச் சொல்லிக் காசு பெற்றுச் சோதியாது விடுவதுதான் மோசடி.

நிற்க. கீர்த்தி பெற்ற பத்திரிகையிலும் காவல் தூங்குவதுண்டு. ஈரல் புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கும் பொருளைப் பற்றி, கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர் எழுதிய கட்டுரை 2016இல் 'சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகையில் வந்தது. ஒரே படத்துண்டு பல இடங்களில் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருப்பதை அதே ஆண்டில் கண்டு சொன்னவர்கள் வெளியிலிருந்து படித்தவர்கள். பல்கலைக்கழகம் விசாரித்தது, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறுவது இழிவன்று. மூடி மறைப்பதே இழிவு. ஆனால், கேள்வி கேட்பார் இல்லாதிருந்தால் அந்தப் பொய்யை நம்பி மற்றவர்கள் மேலும் ஆராய்ந்திருப்பர். அவர்களது உழைப்பும் பணமும் பாழாகியிருக்கும்.

இக்கேட்டின் வேர் எங்கே? எத்தனை கட்டுரை என்று எண்ணி வேலையும் உயர்வும் தரும் முறையிலேதான். கட்டுரையைப் படித்து நிறுப்பதற்கு மாறாகத் தலையெண்ணிக் கூலி கொடுத்தால், தலைகளைப் பெருக்குவார்களே அன்றிச் சிந்தனையைப் பெருக்குவார்களா? டாக்டர் பட்டத்திற்கு முன் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற விதியை இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கைவிட்டது. நல்லதே; ஆயினும் உத்தியோக உயர்வுக்கு எண்ணும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

மற்றொரு தீமை குருபக்தியின் பெயரால் நடப்பது. தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை இரவு பகலாய் உழைத்து எழுதுகிறது. ஒரு வரியும் எழுதாத மேலதிகாரியின் பெயர் முன்னே வந்து உட்காருகிறது. வெறும் மேற்பார்வையோ பணம் தேடிக்கொடுத்ததோ ஒருவரை ஆசிரியராக்காது என்பது மருத்துவப் பத்திராதிபர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதி. நம் மொழியிலேயே முன்மாதிரி உண்டு. உ. வே. சாமிநாதையர் தமது பதிப்புகளின் முகவுரையில் ஏடு கொடுத்தவர்களின் பெயர்களையும் குறித்தார். ஏடு தந்தவருக்கே அவ்வளவு மரியாதை என்றால், எழுதிய மாணவனுக்கு அவன் பெயரையே மறுப்பது எந்த தர்மம்?

ஆகவே பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நாம் சொல்வது இதுதான். காசு கட்டு, உடனே அச்சிடுகிறோம் என்று வரும் அழைப்பை நம்பாதீர்கள். சோதிப்பவர் யார், பத்திராதிபர் யார், பிழை தெரிந்தால் திருத்துவார்களா என்று முன்னரே விசாரியுங்கள். பிறர் உழைப்பைத் தன்னதென்று போடாதீர்கள். உங்கள் உழைப்பைப் பிறர் பறிக்கவும் விடாதீர்கள். கல்விக்கு மரியாதை செய்வது பட்டத்தைக் கும்பிடுவதன்று. அஞ்சாமல் கேள்வி கேட்பதே ஆகும்.