சிறைப்புறக் கூற்றாக ஒரு வாக்குமூலம்: எலிசபெத் வீனின் 'கோட் நேம் வெரிட்டி' நாவலில் தோழமை

ஆய்வுச்சுருக்கம்

'கோட் நேம் வெரிட்டி' (2012) என்னும் ஆங்கில இளையோர் நாவல், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரு இளம்பெண்களிடையே முகிழ்க்கும் நட்பைப் பேசுகிறது. அந்நட்பு கதைப்பொருளாக மட்டுமன்றி, நாவலின் கூற்று முறையாகவும் அமைந்துள்ளது. ஒருவரை நோக்கிச் சொல்லி மற்றொருவரைக் கேட்கச் செய்யும் அகமரபின் சிறைப்புறக் கூற்றைத் துணைக்கொண்டு இவ்வமைப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இளையோர் நாவல், தோழமை, கூற்று, சிறைப்புறம், வாக்குமூலம்

சிறுவர் இலக்கியத்துக்கும் பெரியோர்க்கான நாவலுக்கும் இடைப்பட்ட இளையோர் நாவல் என்னும் வகை தமிழில் இன்னும் வலுவாக வேரூன்றவில்லை. ஆங்கிலத்தில் அது தனிப் பதிப்பு வகையாகவும் தனிப் பரிசுப் பிரிவாகவும் நிலைபெற்றுள்ளது. பெண்களின் நட்பு அவ்வகையின் விருப்பப் பொருள்களுள் ஒன்று. பெரும்பாலும் அது பள்ளி வளாகத்துக்குள் நிகழும். எலிசபெத் வீன் அதனைப் போர்க்காலத்து விமான தளத்துக்கும் விசாரணைக் கூடத்துக்கும் நகர்த்தினார். அவர் நாட்டார் வழக்காற்றியலில் முனைவர் பட்டம் பெற்றவர். விமானம் ஓட்டும் உரிமமும் உடையவர். நாவலின் இரு பலங்களான கதைசொல்லும் உத்திக்கும் வானூர்தி நுட்பத்துக்கும் இவ்விரு பயிற்சிகளும் பின்புலம் எனலாம். 2013ஆம் ஆண்டு இளையோர் பிரிவில் எட்கர் விருது இந்நாவலுக்கு வழங்கப்பட்டது.

கதையின் காலம் 1943இன் பிற்பகுதி. ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில், ஓர்மே என்னும் கற்பனை நகரில், விடுதிக் கட்டடம் ஒன்று கெஸ்டபோ விசாரணை மையமாக மாற்றப்பட்டுள்ளது. அங்கே சிறைப்பட்டிருக்கிறாள் ஜூலி. லைசாண்டர் விமானத்திலிருந்து வான்குடையில் இறங்கிய ஒற்றர் அவள். சாலையைக் கடக்கும்போது பிரித்தானிய வழக்கப்படி தவறான பக்கம் பார்த்ததால் காட்டிக்கொடுக்கப்பட்டவள். சித்திரவதைக்குப் பின்னர், தனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதித் தர ஒப்புக்கொள்கிறாள். விடுதியின் எழுதுதாள், மருத்துவரின் மருந்துச் சீட்டு எனக் கிடைத்த தாள்களில் எல்லாம் அவ்வாக்குமூலம் நீள்கிறது.

விமானத்தை ஓட்டி வந்தவள் மேடி. இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருக்கும் யூதத் தாத்தாவின் பேத்தி. இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டியே வளர்ந்தவள். ஜூலியோ ஸ்காட்லாந்தின் பிரபுக் குடியில் பிறந்து, ஜெர்மன் மொழியைத் தாய்மொழிபோல் பேசுபவள். அமைதிக் காலமாயின் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்க வாய்ப்பில்லை. பதின்பருவத்தைக் கடக்கும் தறுவாயில் இருந்த இவர்களைச் சேர்த்து வைத்தது போர்தான். 1940 ஜனவரியில் விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் முதல் எட்டுப் பெண் விமானிகள் சேர்ந்ததும், 1943இல் அப்படையில் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் கிடைத்ததும் வரலாறு. மேடியைப் போன்ற ஒருத்தி விமானி இருக்கையை அடைய அவ்வரலாறே வழிசெய்தது. குண்டுவீச்சின்போது பதுங்குமிடத்தில் இருந்தபடி இருவரும் தத்தம் அச்சங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பகிரும் காட்சியில் நட்பு உறுதிப்படுகிறது. வீரத்தைக் காட்டி நெருங்காமல் அச்சத்தைக் காட்டி நெருங்குவது கவனத்துக்குரியது.

வாக்குமூலத்தின் கூற்று முறை விசித்திரமானது. ஜூலி தன் கதையைத் தன்மையில் சொல்வதில்லை. மேடியின் பிள்ளைப்பருவம், அவள் கண்ட முதல் விமானம், அவள் கற்ற பாடம் எனத் தோழியின் நோக்குநிலையிலேயே எழுதிச் செல்கிறாள். தன்னைக் 'குயீனி' என்னும் பெயரில் படர்க்கையாக இடையில் நுழைத்துக்கொள்கிறாள். இது உளவுத் தகவல் தராமல் நாள்கடத்தும் தந்திரம் என்று மட்டும் வாசிப்பது போதாது. இதை எழுதும் காலத்தில் மேடி இறந்துவிட்டாள் என்றே அவள் நம்புகிறாள். எரிந்த விமானத்தில் கிடந்த உடலின் படத்தைக் காட்டி அவளை நம்பவைத்திருக்கிறார்கள். ஆகவே தோழியின் கண்வழிக் கதை சொல்வது, இறந்தவளை ஒவ்வொரு பக்கத்திலும் உயிரோடு வைத்திருக்கும் செயலாகிறது.

இங்கே அகமரபின் சிறைப்புறக் கூற்று துணைசெய்கிறது. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பதை அறிந்த தோழி, அவன் வந்ததை அறியாதவள்போலத் தலைவியிடம் பேசுவாள். முன்னிலை தலைவி, கேட்க வேண்டியவன் தலைவன். குறுந்தொகை, நற்றிணைக் கூற்றுக் குறிப்புகளில் இத்துறை மீண்டும் மீண்டும் வருகிறது. ஜூலியின் வாக்குமூலத்துக்கும் இரு கேட்போர் உண்டு. முன்னிலை, விசாரணை அதிகாரி ஃபான் லிண்டன். சொற்கள் சென்றடைய வேண்டியது வேலிக்கு அப்பால் உள்ள நண்பர்களை. ('சிறை' என்னும் சொல் அங்கே வேலியையும் இங்கே காவலையும் குறிப்பது தற்செயல்தான்; ஆயினும் பொருத்தமான தற்செயல்.) அகத்தில் கேட்பவன் நிற்கிறான் என்ற உறுதி தோழிக்கு உண்டு. ஜூலிக்கு அவ்வுறுதி இல்லை. அவள் எழுத்தின் துணிவு அதில்தான் இருக்கிறது.

பறிக்கப்பட்ட உடைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற அவள் பதினொரு வானொலிக் குறியீட்டுத் தொகுதிகளை விற்றுவிட்டாள் என்பதே முதற்பகுதியில் வாசகரை உறுத்தும் செய்தி. அச்செயலின் பாரத்தை உணர வரலாறு உதவும். அதே போரில் பாரிசில் பிடிபட்ட நூர் இனாயத் கானிடமிருந்து கைப்பற்றிய குறிப்புகளைக் கொண்டு, ஜெர்மானியர் அவர் பெயரிலேயே லண்டனுக்குப் பொய்ச் செய்தி அனுப்பினர். குறியீட்டைக் கொடுப்பது உயிர்களைக் கொடுப்பதற்கு நிகர். ஆனால் மேடி எழுதும் இரண்டாம் பகுதியில், ஜூலி கொடுத்த குறியீடுகள் யாவும் புனைவு என்பது வெளிப்படுகிறது. உளவுச் செய்திகள் பொய். நட்பைப் பற்றி எழுதியது மெய். மெய்ம்மை என்று பொருள்படும் 'வெரிட்டி' என்னும் மறைபெயரின் முரண் இங்கே அவிழ்கிறது. முதற்பகுதியை இரண்டாம் முறை வாசிக்கும்போது கோழையாகத் தெரிந்தவள் வேறொருத்தியாகிறாள். மறுவாசிப்பை இவ்வளவு வற்புறுத்தும் இளையோர் நாவல்கள் குறைவு.

நாவலின் உச்சக் காட்சியும் சிறைப்புறக் கூற்றே. பாலமொன்றில் கைதிகள் ஒவ்வொருவராகச் சிதைக்கப்படுகின்றனர். மறைவில் துப்பாக்கியுடன் இருக்கும் மேடியின் விம்மல் ஜூலியின் செவியில் விழுகிறது. உடனே, கடற்படைத் தளபதி நெல்சனின் இறுதிச் சொற்களாக வழங்கும் தொடரை உரக்கச் சொல்கிறாள். காவலர் காதில் அது பொருளற்ற கூச்சல். மேடிக்கோ ஒரு வேண்டுகோள். மேடி சுடுகிறாள். தோழியின் துயரை முடிக்கத் தன் கையாலேயே அவளைக் கொல்லும் இச்செயலை நாவல் தியாகம் என்றோ குற்றம் என்றோ பெயரிடவில்லை. அந்த மௌனம் சரியானது. கையெழுத்துப் படி மேடியின் கைக்கு வருவது இதன் பின்னரே. அடிக்கோடிட்ட வரிகளைச் சேர்த்து வாசித்தால், அந்த விடுதிக் கட்டடத்துக்குள் நுழையும் வழி தெரிகிறது. கட்டடம் தகர்க்கப்படுகிறது. சொன்னவள் மறைந்த பின் கூற்று கேட்கப்படுகிறது.

அகமரபோடு ஒப்பிடுகையில் ஒரு வேறுபாட்டையும் சுட்ட வேண்டும். அங்கே தோழியின் பேச்சுத்திறன் முழுவதும் தலைவியின் காதலுக்கும் வரைவுக்கும் செலவாகிறது. தோழமை ஊடகமே அன்றிப் பொருளன்று. இங்கே காதலன் தேவைப்படவில்லை, தோழமையே பொருள். மேலும், அகத்தில் தலைவிக்காகத் தோழி பேசுவாள். இந்நாவலின் முதற்பகுதியில் பிரபுக்குலப் பெண் கடைக்காரரின் பேத்திக்காகப் பேசுகிறாள்.

நாவலின் குறையும் இவ்விடத்தில்தான் தலைகாட்டுகிறது. ஜூலியின் நகைச்சுவையும் மொழித்திறனும் அவள் குலச்செருக்கையும் சேர்த்தே கவர்ச்சியாக்கிவிடுகின்றன. வர்க்க வேறுபாடு உரசலாக மாறுமுன்பே கேலியாகக் கரைகிறது. இரண்டாம் பகுதியில் தற்செயல்களும் மிகுதி. இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. யூதக் குடும்பத்துப் பெண் நாசிகள் ஆளும் மண்ணில் பொய்ப்பெயருடன் வாரக்கணக்கில் ஒளிந்திருக்கிறாள். அவ்வச்சத்துக்கு உரிய கனம் கதையோட்டத்தில் இல்லை. பதுங்குமிடத்தில் அச்சங்களை எண்ணிச் சொன்ன மேடியிடமிருந்து, தானே பேனா பிடித்து எழுதும் பகுதியில் வாசகர் எதிர்பார்த்திருக்கக்கூடிய அச்சம் அது.