உள்ளே இருப்பவனின் உரிமை

நீதிமன்றத்தில் யார் பேசலாம் என்பதை யார் தீர்மானிப்பது? சட்டம் படித்தவர்கள் இதைத் தொழில் ஒழுங்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது அதிகாரம் பற்றிய கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பிரதிகளாக எதிரெதிரே வைத்து வாசிக்கிறேன்.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களை ஆதரித்ததில்லை என்று சத்தியம் செய்தவர்களே கூட்டாட்சி நீதிமன்றங்களில் வழக்காடலாம் என்று 1865இல் சட்டம் வந்தது. தென் தரப்பு நாடாளுமன்றத்தில் இருந்த அகஸ்டஸ் கார்லண்ட் அதை எதிர்த்தார். 1867இல் ஐந்துக்கு நான்கு என்று ஜெயித்தார். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஃபீல்ட். வழக்காடுவது இஷ்டப்படி பறிக்கக்கூடிய சலுகையல்ல, உரிமை. விசாரணையில்லாமல், நடந்து முடிந்ததற்குப் பின்தேதியிட்டுத் தண்டிக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றார். நியாயமான பேச்சுதான்.

அடுத்தது 1873. இல்லினாய் மாநிலத்தின் மைரா பிராட்வெல் சட்டப் பத்திரிகை நடத்தியவர், தேர்வில் தேறியவர். பெண் என்று சொல்லி மாநில நீதிமன்றம் அனுமதி மறுத்தது. பதினான்காவது திருத்தத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் போனார். எட்டுக்கு ஒன்று என்று தோற்றார். பெண்ணின் கூச்சமும் மென்மையும் இத்தொழிலுக்கு ஆகாது, மனைவியாகவும் தாயாகவும் இருப்பதே படைத்தவன் விதி என்று நீதிபதி பிராட்லி தனியாக எழுதினார். அதோடு உடன்பட்டவர்களில் ஒருவர், அதே ஃபீல்ட்!

அது வேற, இது வேற என்று வக்கீல் நண்பர்கள் சொல்லக்கூடும். கார்லண்ட் 1860இலேயே அனுமதி பெற்றவர். பிராட்வெல் புதிதாகக் கேட்டவர். சரி. ஆனால் முன்பே உள்ளே இருக்க யாருக்கு வாய்த்தது? உரிமை என்ற சொல் உள்ளே இருப்பவனுக்கு. வெளியே நிற்பவளுக்கு இயற்கை, கடவுள், விதி. இரண்டு தீர்ப்புகளிலும் மாறுபட்டவர் தலைமை நீதிபதி சேஸ். பிராட்வெல் வழக்கில் அவர் காரணம் எழுதவில்லை. அந்த மௌனம் நமக்கு நஷ்டம்.

உச்ச நீதிமன்றம் 1876இல் பெல்வா லாக்வுட்டையும் திருப்பி அனுப்பியது. 1879இல் காங்கிரஸ் சட்டம் போட்ட பிறகே அவர் உள்ளே போனார். கதவைத் திறந்தது போராட்டம், தீர்ப்பு அல்ல.

இதெல்லாம் பழங்கதையா? லூசியானாவின் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம், மாநிலத்தில் வீடோ அலுவலகமோ இருந்தால்தான் அனுமதி என்று விதி வைத்திருந்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எப்படி? கீழ் நீதிமன்றங்களை மேற்பார்வையிடும் தன் அதிகாரத்தைக் கொண்டு. அரசியல் சட்டக் கேள்வியைத் தொடவேயில்லை. கதவு திறந்தது, சாவி யாருடையது என்பது மட்டும் பேசப்படவில்லை.