முதுகில் தெரியும் உழைப்பு

கலிபோர்னியாவில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைக் குதிரை ஓட்டத்தில், சியரா நெவாடா மலைகளைத் தாண்டி 160 கிலோமீட்டரை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அதில் ஓடும் அரபுக் குதிரைகளிடம் நான் முதலில் பார்ப்பது கால்களை அல்ல, முதுகைத்தான். பிடரி முடியும் இடத்திலிருந்து வால்வரை ஓடும் அந்தக் கோடு என்ன அழகு! குறுந்தூரப் பந்தயக் குதிரையின் புடைப்பு இதில் இல்லை. ஒல்லி உடம்புதான். ஆனால் சேணத்தை இறக்கி முதுகெலும்பின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தால் பள்ளம் தட்டாது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கிடையே மார்பைத் தாங்கிப் பிடிப்பதும் தசைதான். மேட்டில் மெல்ல நடத்தி, மாதக்கணக்கில் சேர்த்த தசை அது. தீனியை மட்டும் கூட்டினால் கொழுப்புதான் ஏறும். விரலால் அழுத்தினால் நல்ல தசை மெத்தென்று அமுங்கி மீளும். வலி இருந்தால் முதுகு சட்டென்று கீழே தாழும்.