எஞ்சினை அணைத்தால் விண்கலம் நிற்குமா?

நியூட்டனின் முதல் விதியைக் கேட்டால் கல்லூரி மாணவர் எவரும் தடங்கலின்றிச் சொல்லிவிடுவார். அதே மாணவரிடம், "விண்வெளியில் விரையும் கலத்தின் எஞ்சினை அணைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும்" என்று சொல்வோர் குறைவல்லர். விதி நாவில் இருக்கிறது. மனத்தில் இருப்பதோ தரையில் ஓடும் பேருந்து.

இந்தத் தவறான எண்ணத்துக்கு நீர் ஊற்றுபவை அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களும் கணிப்பொறி விளையாட்டுகளும்தாம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் விண்கலங்கள் போர் விமானங்களைப் போலச் சாய்ந்து, வளைந்து திரும்புகின்றன. காற்றே இல்லாத இடத்தில் இறக்கையைச் சாய்த்து என்ன பயன், சொல்லுங்கள்!

இந்த வழக்கத்தை மீறிய இரண்டு படைப்புகள் 1993-இல் வெளிவந்தன. ஒன்று, 'பாபிலோன் 5' என்னும் அமெரிக்கத் தொடரின் முன்னோட்டப் படம். தொடர் 1994 முதல் 1998 வரை ஒளிபரப்பாயிற்று. மற்றொன்று, இங்கிலாந்தின் டேவிட் பிராபென் உருவாக்கிய 'பிரான்டியர்: எலைட் 2' என்னும் விளையாட்டு. அமிகா என்ற வீட்டுக் கணிப்பொறிக்கு இரண்டிலும் பங்கு உண்டு. தொடரின் விண்வெளிக் காட்சிகள் தொடக்கத்தில் அமிகாக்களைக் கொண்டே உருவாக்கப்பட்டன. விளையாட்டோ, அமிகாவிலும் பிற கணிப்பொறிகளிலும் ஒரே ஒரு பிளாப்பி வட்டிலிருந்து ஓடியது.

தொடரில் வரும் 'ஸ்டார்ஃபியூரி' என்ற சிறு போர்க்கலத்தைக் கவனியுங்கள். அதன் நான்கு கைகளின் முனைகளிலும் எஞ்சின்கள் உள்ளன. விசை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிச் செயல்படுகிறதோ, திருப்புத்திறன் அவ்வளவு கூடும். ஆகவே இது நல்ல அமைப்பு. பகைவன் பின்தொடர்ந்தால் விமானி வட்டமடிப்பதில்லை. கலத்தை நின்ற வாக்கில் திருப்பி, பின்னோக்கிச் சென்றுகொண்டே சுடுகிறார். கலத்தின் முகம் ஒரு பக்கம், செல்லும் திசை மறுபக்கம்! கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்குவதை இந்தக் காட்சி சில வினாடிகளில் காட்டிவிடுகிறது. ஆனால் கலம் வெடிக்கும்போது வெற்றிடத்தில் ஓசை கேட்கிறதே, அதை எப்படி ஏற்பது? பின்னணி இசை போதாதா?

விளையாட்டின் கதை வேறு. 1984-இல் பிராபெனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணிப்பொறிக்காக எழுதிய முதல் 'எலைட்'டில் கலம் விமானம் போலவே பறந்தது, ஆடியவர்கள் மகிழ்ந்தார்கள். 'பிரான்டிய'ரில் நியூட்டனின் விதிகள் புகுந்தன. போர்க் காட்சிகள் கைக்கு அடங்கவில்லை என்று பலர் முணுமுணுத்தார்கள்.

அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு, கணக்கிட்டுப் பாருங்கள். இரு கலங்கள் எதிரெதிராக, புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான முடுக்கத்தில் 10 நிமிடம் வருவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் வேகமும் வினாடிக்கு 5.88 கி.மீ.; நெருங்கும் வேகம் 11.76 கி.மீ. பீரங்கி எட்டும் தூரம் 5 கி.மீ. என்றால், எதிரி அந்த எல்லைக்குள் நுழைந்து மறுபுறம் வெளியேற ஒரு வினாடிகூட ஆகாது. கலம் தன் பாதையைச் செங்கோணமாக மாற்ற வேண்டுமென்றால், அதே முடுக்கத்தில் 14 நிமிடத்துக்கு மேல் எஞ்சின் எரிய வேண்டும். சண்டை எங்கே நடப்பது?

ஆகவே குறை இயற்பியலில் இல்லை. உண்மையான விதிகளைப் புகுத்திவிட்டு, விமானச் சண்டையை அப்படியே வைத்துக்கொண்டதுதான் பிழை. பாபிலோன் 5 குழுவினர் கலங்களின் வேகத்தை நாடகத்துக்கு ஏற்றபடி அடக்கி வைத்தார்கள். அதனால் காட்சி கண்ணுக்குப் பிடிபட்டது. விளையாட்டில் வேகம் ஆடுபவர் கையில் இருந்தது. அதைச் சமாளிக்கத் தானியங்கி ஓட்டியைக் கொடுத்தார்கள். ஆனால் எப்போது எஞ்சினை எரிப்பது, எப்போது எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் குறைப்பது என்பதை அதுவே முடிவு செய்துவிடுகிறது. கற்க வேண்டிய பாடம் இயந்திரத்துக்குப் போய்விட்டது!

என்றாலும் இரண்டில் ஒன்றை மாணவருக்குக் கொடு என்றால், நான் விளையாட்டையே கொடுப்பேன், தானியங்கி ஓட்டியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு கோளை அடையப் பாதி வழியிலேயே கலத்தைத் திருப்பி எதிர்த்திசையில் எரிக்கத் தவறியவர், அந்தக் கோளைத் தாண்டிப் பறந்துபோவதைத் தாமே பார்ப்பார்.

2014-இல் வந்த 'எலைட் டேஞ்சரஸ்' விளையாட்டில் கலத்தை விமானம் போல நடத்தும் உதவி முறை இயல்பாகவே இயங்குகிறது. வேண்டாதவர் அதை அணைத்துக்கொள்ளலாம். அணைத்த பிறகும் கலத்துக்கு உச்ச வேகம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வெற்றிடத்தில் அந்த வரம்பை விதிப்பது எந்த விசை என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை.