பெண்டஹாரா: பொக்கிஷக் காப்பாளரா, முதலமைச்சரா?

ஜோகூர் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் 'பெண்டஹாரா' என்னும் பட்டத்தை இருவகையாக மொழிபெயர்க்கக் காண்கிறோம். வேர்ச்சொல்லை நோக்குவோர் 'பொக்கிஷக் காப்பாளர்' என்பர். பதவியின் உயர்வை நோக்குவோர் 'பிரதம மந்திரி' என்பர். இரண்டும் மாணாக்கரை மயங்கவைப்பன.

வேர் பண்டசாலையைக் குறிக்கும் 'பாண்டாகாரம்' என்னும் வடசொல். நம் கல்வெட்டுகளில் கோயிற் கருவூலத்தைச் சுட்டும் 'ஸ்ரீபண்டாரம்' இதற்கு உறவு. ஆகவே மலாய்ச் சொல் தமிழிலிருந்தே சென்றது என்று மகிழ்வோர் உளர். ஆனால் 'ஹாரா' என்னும் ஈறு 'பண்டார'த்தைவிட வடமொழி வடிவத்திற்கே நெருங்கி நிற்கிறது. பெருமைக்காக ஒலியை வளைத்தல் ஆகாது.

மலாக்காவிலேயே பொருள் மாறிவிட்டது. அங்குக் கருவூலத்தைப் பார்த்தவர் 'பெங்ஹுலு பெண்டஹாரி' என்னும் வேறோர் அதிகாரி. பெண்டஹாராவோ அமைச்சர்களுக்கெல்லாம் தலைவர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியர் தொமே பிரெஸ், அவரைத் தலைமை நீதிபதி போன்றவர் என்கிறார். அரச வருவாயும் அவர் பொறுப்பில் இருந்ததாகச் சேர்த்துரைக்கிறார். பழம்பொருள் முற்றும் அழியவில்லை போலும்!

இனி 1699-ஆம் ஆண்டுக்கு வருவோம். கோத்தா திங்கியில் சுல்தான் மஹ்மூத் கொலையுண்டார். அவருக்கு வாரிசில்லை என்று கொள்ளப்பட்டது. பெண்டஹாரா அப்துல் ஜலீல் அரியணை ஏறினார். 'பொக்கிஷக் காப்பாளர் அரசரானார்' என்று எழுதினால், கணக்கர் ஒருவர் நாட்டைக் கவர்ந்ததாக மாணவன் எண்ணுவான். 'பிரதம மந்திரி' என்றால், இக்காலத் தேர்தலில் வென்றவரை நினைப்பான். அரசர்களுக்கு மகட்கொடை நேர்ந்த, அரசகுலத்திற்கு அடுத்த குடியின் தலைவர் அவர் என்பதை இரண்டு சொற்களும் மறைத்துவிடுகின்றன. அதனாலன்றோ அவரது ஆட்சியேற்பு நடந்தேறியது! இன்றைய ஜோகூர் அரச குடும்பமும் அவ்வழியினதே. பகாங்கில் இப்பட்டம் தன்னாட்சி செலுத்தியோர்க்கே உரியதாகி, 1880-களில் 'சுல்தான்' என்பதற்கு இடங்கொடுத்தது.

ஆதலின், பட்டத்தைப் 'பெண்டஹாரா' என்றே வைத்து, அந்தந்தக் காலத்துப் பொருளை ஒரு வரியில் விளக்குவதே முறை எனக் கருதுகிறேன். வகுப்பில் விளக்க வழியும் எளிது. பள்ளிக் கழகத்தில் பணங்காக்கும் பொருளாளர் இன்றும் மலாயில் 'பெண்டஹாரி'தான். தமிழாசிரியர் 'சொற்களஞ்சியம்' என்று கற்பிப்பதை மலாய் ஆசிரியர் 'பெர்பெண்டஹாராஆன் காத்தா' என்கிறார்.